நாலு கம்பிக்கு வீட்டுக் குறிப்புகள்

கோயில் பண்டிகை ஆர்கெஸ்ட்ராவுக்கோ, சர்ச் பாட்டுக் குழுவுக்கோ, கல்லூரி விழாவுக்கோ உங்கள் வீட்டில் யாராவது பேஸ் கிதார் வாசிக்கிறார்களா? அப்படியானால் கைகொடுங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி. எருமப்பட்டியில் எங்கள் வீட்டிலும் அந்த நாலு கம்பி வாத்தியம் உண்டு. வாத்தியாரைத் தேடி நாமக்கல்லோ சேலமோ திருச்சியோ போனாலும், தினப்படி சாதகம் நடப்பது வீட்டில்தான். அதற்குத் தனி அறையோ விலை உயர்ந்த சாமானோ வேண்டியதில்லை. வீட்டு வேலைக்கு நடுவிலேயே அருமையாக நடக்கும். டியூன் வைக்கவும் கம்பி மீட்டவும் தெரிந்தவர்களுக்கு, எங்கள் வீட்டில் பலன் கொடுத்தவை இவை.

1. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் மொத்தமாக வாசிப்பதைவிட, தினமும் 20 நிமிஷம் வாசிப்பதே விரலில் தங்கும். 5 நிமிஷம் விரலைச் சூடேற்ற, 5 நிமிஷம் ஒரே ஒரு பயிற்சி, மீதி 10 நிமிஷமும் பாட்டு. கூடுதல் நேரம் கிடைக்கும் நாளில் அதையும் பாட்டுக்கே கொடுங்கள்.

2. அந்த 20 நிமிஷமும் ஒரே மூச்சில் கிடைக்க வேண்டும் என்றில்லை. இட்லிப் பானை ஏறி இறங்கும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஒரு பயிற்சிக்குத் தாராளம். மேல்தொட்டி நிறையும் நேரம் இன்னொன்றுக்கு ஆகும். அடுப்பும் மோட்டாருமே நேரம் சொல்லிவிடுவதால் செல்போனை எடுத்துப் பார்க்கும் வேலை மிச்சம்.

3. பையில் போட்டு பீரோ மேலே ஏற்றிய பேஸ் வாரக்கணக்கில் கீழே இறங்காது. நடமாடும் இடத்தில் சுவரில் மாட்டிவைத்தால் போகும்போதும் வரும்போதும் கை தானாகப் போகும். 4 கிலோ எடை என்பதால் வெறும் ஆணி தாங்காது, பிளக் அடித்து ஸ்குரூ முடுக்கிய கொக்கியாக இருக்கட்டும். கொக்கிக்கு ரப்பர் சுற்றாமல் துணி சுற்றுங்கள். சிலவகை வார்னிஷ் ரப்பர் பட்டால் இளகிக் கறை பிடிக்கும்.

4. மாட்டிவைத்த பேஸின் மேல் பழைய காட்டன் சேலைத் துண்டைப் போர்த்துங்கள். ஆடிக் காற்றில் வீட்டுக்குள் வரும் மண்ணெல்லாம் பிக்கப்பில் போய் உட்காராது.

5. பாத்திரம் கழுவிய கையோடு வாசிக்க உட்காராதீர்கள். தண்ணீரில் ஊறி மெத்தென்று இருக்கும் விரல் நுனி, தடித்த கம்பியில் பட்டால் சட்டென்று கொப்புளம் கட்டும். முதலில் வாசித்துவிட்டு அப்புறம் பாத்திரத்துக்குப் போங்கள். துணி துவைப்பதற்கும் குளியலுக்கும் இதே கணக்குதான்.

6. சின்ன வெங்காயம் உரித்த கை, தலைக்கு எண்ணெய் வைத்த கை, இரண்டும் கம்பிக்கு ஆகாது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, கால் மணி நேரம் காய்ந்த பிறகு தொடுங்கள். பச்சை மிளகாய் நறுக்கிய கை என்றால் இன்னும் கவனம். அந்தக் காரம் கம்பியில் ஒட்டி, அடுத்து வாசிக்கும் பிள்ளையின் கண்ணுக்குப் போகும்.

7. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கத்தோடு சேர்த்துப் பிடித்து ஒரு இழுப்பு இழுங்கள். நம் ஊர் வெயிலில் வியர்வை உப்புதான் கம்பிக்கு முதல் எதிரி. பேஸ் கம்பி செட் விலை சாதாரண கிதார் கம்பியைவிடப் பல மடங்கு என்பதால், இந்த அரை நிமிஷத் துடைப்பில் மிச்சமாகும் காசு கொஞ்சநஞ்சமில்லை.

8. கொப்புளம் வந்துவிட்டதா? உடைக்காதீர்கள், தானாக அமுங்க விடுங்கள். அந்த நாட்களில் வலது கைக்கு ஓய்வு கொடுத்து, இடது கை விரலால் மட்டும் தட்டியும் இழுத்தும் ஒலி எழுப்பிப் பழகுங்கள். சுண்டுவிரலுக்கு இப்படித்தான் பலம் ஏறும்.

9. ஆம்ப் இல்லாமல் வாசிக்கும்போது சத்தம் போதவில்லையா? பேஸின் தலைப்பகுதியை மர பீரோவிலோ மரக் கதவிலோ மெதுவாகச் சாய்த்துப் பிடித்து வாசித்துப் பாருங்கள். பலகை முழுக்க அதிர்ந்து, ஒலி பெரிதாக எழும். தகர பீரோவில் முயல வேண்டாம், கடகடக்கும்.

10. நடு ராத்திரியில் யாரையும் எழுப்பாமல் வாசிக்க இன்னொரு வழி: தோளுக்குப் பக்கம் நீளும் கொம்பின் மேல் தாடையைப் பதித்துக்கொள்ளுங்கள். எலும்பு வழியாகவே ஒலி காதுக்கு வந்துவிடும். இ கம்பியின் அடி ஆழம்கூடத் தெளிவாகக் கேட்பது அதிசயமாக இருக்கும்.

11. பெரிய ஆம்ப் வாங்கும் யோசனை இருந்தால் ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள். கிதார் ஜாக்கிலேயே செருகிக்கொள்ளும் சின்ன ஹெட்போன் ஆம்ப் போதும். அதிலேயே போனையும் இணைக்கும் வசதி இருந்தால் பாட்டோடு சேர்ந்து வாசிக்கலாம், பக்கத்து வீட்டுக்கும் சிரமமில்லை.

12. இது நம் நாமக்கல் பக்கத்துக்கே உரிய குறிப்பு. முட்டை அட்டையைச் சுவர் முழுக்க ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று நம்பி, பண்ணையிலிருந்து கட்டுக்கட்டாக வாங்கிவராதீர்கள். பேஸின் இ கம்பி நொடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது; அந்த ஒலி அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். இரண்டு அங்குல ஆழமுள்ள காகிதக் குழி அதைத் தடுத்து நிறுத்தவே முடியாது; கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். தீப்பொறி பட்டால் குபீரென்று பிடித்துக்கொள்ளும், பல்லியும் கரப்பானும் குடியேறும், தூசியும் சேரும். அந்த உழைப்பைக் கதவு இடுக்கை அடைப்பதிலும், ஆம்பைத் தரையிலிருந்து தூக்கி வைப்பதிலும் காட்டுங்கள்.

13. முட்டை அட்டைக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. பேஸைப் பிரித்துச் சுத்தம் செய்யும்போது கழற்றும் ஸ்குரூ, ஸ்பிரிங், குமிழ் எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொரு குழியில் போட்டுவாருங்கள். திரும்ப மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கி வந்தால் ஒன்றும் மிஞ்சாது, ஒன்றும் மாறாது.

14. ஆம்பைத் தரையில் வைத்தால் தரையே அதிர்ந்து அடுத்த அறைக்குப் போகும். நாற்காலி மேல் பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் ஆம்பை உங்கள் காதைப் பார்க்கும்படி வையுங்கள். காதுக்கு நேராக வருவதால் பாதிச் சத்தமே போதும்.

15. கோழிப்பண்ணைக்கு அருகில் குடியிருப்பவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்து ஆம்பை அலற விடாதீர்கள். திடீரென்று வரும் சத்தத்துக்குக் கோழிகள் மிரண்டு ஒன்றின்மேல் ஒன்று விழும். வாசித்தே ஆகவேண்டும் என்றால் மெதுவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஹெட்போன் இன்னும் உத்தமம்.

16. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு புதிதாக ஒன்று வாங்கி, விரல் அகலத்துக்கு நறுக்கி, பிரிட்ஜ் பக்கம் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். ஒலி கட்டையாகி, பழைய ரெக்கார்டில் வரும் பேஸ் போல உருண்டையாக விழும். அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் இப்படி நுரைத் துண்டு வைத்துத்தான் வாசித்தார். கம்பியையும் அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். வலது கையில் ஒரே விரலால் அவர் செய்த மாயத்தைக் கேட்டவர்கள், பழைய கம்பியாயிற்றே என்று ஒருநாளும் குறைபட மாட்டார்கள்.

17. போனில் உள்ள டியூனர் இ கம்பியைப் பிடிக்காமல் முள் அங்குமிங்கும் ஆடுகிறதா? 12ஆவது ஃபிரெட்டுக்கு நேர்மேலே கம்பியை அழுத்தாமல் சும்மா தொட்டுக்கொண்டு மீட்டி, உடனே விரலை எடுங்கள். மணி போல ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். போன் அதை உடனே பிடித்துக்கொள்ளும்.

18. 1951இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பேஸின் கம்பி நீளம் 34 அங்குலம்; இன்றைக்கும் பெரும்பாலான பேஸுக்கு அதே அளவுதான். அந்த நீளத்தில் முதல் ஃபிரெட் இடைவெளி மட்டும் 4.8 செ.மீ. வரும், 5ஆவது ஃபிரெட் 3.8 செ.மீ., 12ஆவதில் 2.6 செ.மீ.தான். ஆகவே பிள்ளைகளுக்கும் சின்னக் கை உள்ளவர்களுக்கும் பயிற்சியை 5ஆவது ஃபிரெட்டில் தொடங்கி, வாரம் ஒரு ஃபிரெட்டாகக் கீழே இறக்குங்கள். முதல் ஃபிரெட்டிலேயே விரலை விரிக்கச் சொல்லி மணிக்கட்டைக் கெடுக்க வேண்டாம்.

19. கீழ் ஃபிரெட்டுகளில் ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்ற பிடிவாதம் வேண்டியதில்லை. ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் மூன்றும் மூன்று ஃபிரெட்டுக்குப் போதும். மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாகக் கூடவே அழுத்தட்டும். பெரிய டபுள் பேஸ் வாசிப்பவர்கள் நெடுங்காலமாக இப்படித்தான் வாசிக்கிறார்கள்.

20. அழுத்தும் விரலை ஃபிரெட் கம்பியை ஒட்டினாற்போல் அதன் பின்னால் வையுங்கள். பாதி பலத்தில் சுத்தமாக ஒலிக்கும், கொரகொரப்பு வராது.

21. வலது கையில் ஆள்காட்டி, நடுவிரல் இரண்டும் மாறி மாறி வர வேண்டும். ஒரே கம்பியில் 60 வேகத்தில் 2 நிமிஷம் கண்ணை மூடி மீட்டுங்கள். எந்த விரல் மீட்டுகிறது என்று கேட்டுக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இரண்டும் ஒரே சத்தத்தில் வந்தால் சரி.

22. வாய்ப்பாட்டோ வீணையோ கற்ற அக்கா, அத்தை வீட்டில் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். சரளி வரிசையை அவர் பாட, நீங்கள் பேஸில் வாசியுங்கள். மாயாமாளவகௌளைக்கு இடம் இதோ: ஏ கம்பியில் 5, 6, டி கம்பியில் 4, 5, 7, 8, ஜி கம்பியில் 6, 7. ஸ முதல் மேல் ஸ வரை ஒரே இடத்தில் கை நகராமல் வந்துவிடும். மூன்று காலத்திலும் வாசித்தால் இரண்டு கைக்கும் ஒருசேரப் பயிற்சி. இதற்குமேல் ஒரு விரல் பயிற்சிப் புத்தகம் தனியாக வாங்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

23. ஃபிரெட்டில் எந்த ஸ்வரம் எங்கே என்று மனப்பாடம் செய்ய ஒரு லேசான வழி. ஆங்கில எழுத்தில் ஏ முதல் ஜி வரை ஏழு, வாரத்தில் நாளும் ஏழு. திங்கள் ஏ, செவ்வாய் பி என்று வைத்துக்கொண்டு, அன்றைய ஸ்வரம் நாலு கம்பியிலும் எங்கெங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லிக்கொண்டே ஒரு நிமிஷம் தேடி வாசியுங்கள். இரண்டு மாதத்தில் கழுத்துப் பலகை முழுக்க உள்ளங்கையில் வந்துவிடும்.

24. மெட்ரோனோம் வாங்க வேண்டாம், போனில் இலவசமாகவே கிடைக்கிறது. அதுவும் இல்லையென்றால் சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் சத்தம் நிமிஷத்துக்குச் சரியாக 60. வீடு அடங்கிய பிறகு அதன் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் போதும்.

25. க்ளிக் சத்தம் ஒவ்வொரு அடிக்கும் கேட்டால் அதன்மேல் சாய்ந்துகொள்ளப் பழகிவிடுவோம். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, வரும் க்ளிக்கை 2ஆவது அடி, 4ஆவது அடி என்று எண்ணிக்கொள்ளுங்கள். முதல் அடியை நீங்களே சரியாகப் போட வேண்டிய பொறுப்பு வரும். மேடையில் பாடகரும் டிரம்ஸும் நம்மை நம்பி நிற்பது அந்த முதல் அடிக்குத்தான். வேகமாக வாசிக்கத் தெரிந்தவர் பலர் உண்டு, காலப்பிரமாணம் பிசகாதவரைத்தான் அடுத்த நிகழ்ச்சிக்கும் கூப்பிடுவார்கள்.

26. ஒரு பாட்டு தடுமாறினால் வேகத்தைக் கூட்டி முயலாதீர்கள், குறைத்துப் பாருங்கள். 40 வேகத்தில் ஆடாமல் வாசித்தவருக்கு 80 சுலபம்.

27. நாமக்கல் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரமும் சாதக நேரம்தான். தொடையில் தாளம் போட்டு, தகதிமி நாலு, தகிட மூன்று, தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு என்று மனசுக்குள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அதே சொற்கட்டை ஒரே ஸ்வரத்தில் பேஸில் மீட்டினால் கை தயங்காது.

28. பண்டிகையில் பம்பையும் உறுமியும் அடிக்கும்போது சும்மா நின்று பார்க்காமல், கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மூன்று நிமிஷம் போனில் பதிவு செய்யுங்கள். மறுநாள் அதை ஓடவிட்டு, ஒரே ஒரு ஸ்வரத்தை வைத்துக்கொண்டு கூடவே வாசியுங்கள். மேடையில் நம் ஊர் ஜனங்கள் கேட்கப்போகும் பாட்டில் பாதி அந்த மும்மூன்று நடையில்தான் இருக்கும். எந்த ஆப்பிலும் கிடைக்காத உயிருள்ள மெட்ரோனோம் அது. அடிப்பவர்கள் மூச்சு விடும் இடத்தில் வேகம் லேசாக இளகி மறுபடி இறுகுவதையும் அதில்தான் கற்க முடியும்.

29. ஸ்வரத்தை எப்போது தொடங்குகிறோம் என்பதைப் போலவே எப்போது நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். தெரிந்த பாட்டு ஒன்றை எடுத்து, ஒருமுறை எல்லா ஸ்வரத்தையும் நீட்டியும், ஒருமுறை எல்லாவற்றையும் வெட்டியும் வாசியுங்கள். பாட்டின் நடையே மாறுவதைக் காது கண்டுகொள்ளும்.

30. மீட்டாத கம்பி முனகாமல் இருக்க வலது கைக் கட்டைவிரலை ஒரே இடத்தில் ஊன்றிவைக்காதீர்கள். ஜி கம்பிக்குப் போகும்போது கட்டைவிரலும் கூடவே இறங்கி, மேல் கம்பிகள் மேல் சாய்ந்துகொள்ளட்டும்.

31. பேஸ் கேட்டுப் பழகப் போன் ஸ்பீக்கர் உதவாது. அவ்வளவு சின்ன ஸ்பீக்கரில் அடி ஒலி வரவே வராது. போனைச் சொம்புக்குள் போட்டால் சத்தம் கூடும், பேஸ் கூடாது. காதில் இறுக்கமாகப் பொருந்தும் சாதாரண இயர்போனே போதும், பாட்டுக்குள் இத்தனை நாள் மறைந்திருந்த பேஸ் வெளியே வரும்.

32. புதுப் பாட்டை எடுக்கும்போது பேஸைத் தொடும் முன் பேஸ் வரியை வாயால் பாடுங்கள். பாட வராத இடம் வாசிக்கவும் வராது. யூடியூபில் வேகத்தை 0.75க்கு இறக்கினால் சுருதி மாறாமல் மெதுவாக ஓடும். இரண்டு தாளவட்டம் பிடித்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பக் கேட்டு, பிறகு அடுத்த இரண்டுக்குப் போங்கள்.

33. எந்தப் பாட்டில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் இளையராஜாதான். 1976இல் அன்னக்கிளியோடு வந்தவர், எண்பதுகளின் பாடல்களில் பேஸை வெறும் முட்டுக்கொடுக்கும் வேலைக்கு வைக்கவில்லை. அதற்கென்று தனி மெட்டே எழுதினார். அவர் குழுவில் பல ஆண்டுகள் பேஸ் வாசித்த சசிதரனின் விரலைக் கேட்க வேண்டுமானால், பயணங்கள் முடிவதில்லை (1982) படத்தில் மோகன் கிதாரும் கையுமாகப் பாடும் பாட்டை இயர்போனில் போடுங்கள். முதல் வாரம் கார்டு மாறும் இடத்தில் மட்டும் அடி ஸ்வரம் போடுங்கள். அடுத்த வாரம் ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு நடந்துபோகும் ஸ்வரங்களைச் சேருங்கள். மூன்றாவது வாரம் அந்தச் சின்னச் சின்ன அலங்காரங்கள். பேஸ் வரியை மட்டும் தனியாக வாசித்தாலும் வீட்டில் உள்ளவர்கள் எந்தப் பாட்டு என்று சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டார்கள் என்றால் நீங்கள் சரியாக வாசிக்கிறீர்கள்.

34. அடுத்த படிக்கு ஏ.ஆர்.ரஹ்மான் பாடல்கள் பலவற்றில் வாசித்த சென்னை கீத் பீட்டர்ஸைக் கேளுங்கள். எங்கே வாசிக்காமல் விடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைக்கு இவ்வளவு கனமான வாத்தியமா என்று யாராவது கேட்டால் மும்பை மோகினி டே வாசிக்கும் வீடியோவைக் காட்டுங்கள். சின்ன வயதிலேயே, பேஸ் கலைஞரான அப்பாவிடம் வீட்டில் கற்றவர் அவர்.

35. தினசரி காலண்டரில் கிழித்த தாளைக் குப்பையில் போடாதீர்கள். பின்பக்கம் அன்றைக்கு வாசித்த பயிற்சி, வேகம், தடுக்கிய இடம் மூன்றையும் எழுதிக் கிளிப்பில் சேர்த்துவாருங்கள். தேதி முன்பக்கமே அச்சாகி இருப்பதால் நோட்டுச் செலவும் இல்லை, தேதி எழுதும் வேலையும் இல்லை.

36. வாரம் ஒருமுறை பாட்டு முழுவதையும் போனில் பதிவு செய்து, அன்றைக்குக் கேட்காமல் மறுநாள் கேளுங்கள். ஒரே ஒரு குறையை மட்டும் எழுதிக்கொண்டு அந்த வாரம் அதை மட்டும் சரிசெய்யுங்கள். பத்துக் குறையைப் பட்டியல் போட்டால் பேஸ் மறுபடி பீரோ மேலே ஏறிவிடும்.

37. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் போகும் நாள் வீணான நாளில்லை. மிக்சி, டிவி, மோட்டார் எதுவும் ஓடாத வீடு அவ்வளவு அமைதியாக இருக்கும்; ஆம்ப் இல்லாத பேஸ் அன்றைக்குத்தான் நன்றாகக் கேட்கும். அழுத்தம் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

38. ஆம்பில் ஓயாத உறுமல் வந்தால் முதலில் டியூப்லைட், ஃபேன் ரெகுலேட்டர், லேப்டாப் சார்ஜர் மூன்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். இரண்டு பிக்கப் உள்ள ஜாஸ் பேஸ் என்றால் இரண்டு வால்யூம் குமிழையும் முழுதாகத் திறந்தாலே பாதி உறுமல் அடங்கும். கம்பியைத் தொட்டால் விர்ரென்று ஷாக் அடிப்பதுபோல் இருந்தால் மட்டும் வாசிப்பதை அந்த நொடியே நிறுத்தி, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டி மாட்டும் பழக்கம் இந்த வாத்தியத்துக்கு உயிராபத்து.

39. போர் மோட்டார் போடும் முன் ஆம்ப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், இடி மின்னலுக்கும் அதே. வோல்டேஜ் ஏறி இறங்குவது ஆம்புக்கு ஆகாது.

40. உங்கள் பேஸில் 9 வோல்ட் பேட்டரி உண்டா? வாசித்து முடித்ததும் கேபிளைப் பேஸிலிருந்து உருவிவிடுங்கள். கேபிள் செருகி இருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். உருவினால் ஒரு பேட்டரி மாதக்கணக்கில் வரும்.

41. குமிழைத் திருப்பும்போது கரகரவென்கிறதா? ஆம்பை அணைத்துவிட்டு, குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருபது முப்பது தடவை திருப்புங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும், ரிப்பேர் கடைக்குப் போகும் செலவு மிச்சம்.

42. மங்கிப்போன கம்பியைத் தூக்கிப் போடும் முன் ஒருமுறை வேகவைத்துப் பாருங்கள். கம்பிகளைச் சுருட்டி, பழைய பாத்திரத்தில் வெறும் தண்ணீரோடு 10 நிமிஷம் கொதிக்கவிட்டு, துணியால் ஒற்றி, வெயிலில் ஈரமே இல்லாமல் காயவைத்து மாட்டுங்கள். இடுக்கில் சேர்ந்த அழுக்கு தண்ணீரில் இறங்குவது கண்ணுக்கே தெரியும், கம்பி கொஞ்ச நாளைக்குப் புதுசு போலப் பளிச்சென்று பேசும். ஒரு செட்டுக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். நுனியில் நூல் சுற்றிய கம்பிக்கும், மேலே பூச்சுள்ள கம்பிக்கும் இது ஆகாது.

43. ஃபிரெட் பலகை கருமரமாக இருந்து வறண்டு வெளுத்தால், மெடிக்கலில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ரெண்டு சொட்டு துணியில் தொட்டுப் பூசி, ஐந்து நிமிஷத்தில் துடைத்துவிடுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்குப் பிடித்து வாடை வரும். வார்னிஷ் பூசிய வெளிர் மேப்பிள் பலகைக்கு ஈரத்துணியே போதுமானது.

44. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியிலும், நிறுத்திய காருக்குள்ளும் பேஸை விடாதீர்கள், கழுத்து வளையும். சந்தேகமாக இருந்தால் இ கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒருசேர அழுத்தி, 7ஆவது ஃபிரெட்டில் இடைவெளி பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் நலம். கூடக்குறைய இருந்தால் கழுத்துக்குள் இருக்கும் கம்பியைக் கால் திருப்புக்கு மேல் ஒரே நாளில் திருப்பாமல், அடுத்த நாள் பார்த்துவிட்டு மீதியைச் செய்யுங்கள்.

45. செருப்பு, ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பேஸ் பையின் பாக்கெட்டில் போட்டுவையுங்கள். ஐப்பசி மழையில் ஈரம் ஏறாது.

46. லாரி பாடி கட்டும் ஊர் பக்கத்திலேயே இருப்பது நமக்கு எவ்வளவு வசதி! சீட்டுக்கு ரெக்சின் தைப்பவரிடம் மூன்று அங்குல அகலத்தில் ஸ்டிராப் ஒன்று தைத்துக்கொள்ளுங்கள், அடிப்பக்கத்தில் பழைய ஜீன்ஸ் துணியை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அகலமாக இருப்பதால் தோள் அறுக்காது, ஜீன்ஸ் சொரசொரப்பாக இருப்பதால் பேஸின் தலை கீழே சரியாது. கிழிந்த பைக்கு ஜிப் மாற்றத் தார்ப்பாய் தைப்பவரைப் பாருங்கள், அவர் போடும் தையல் பைக்கு ஆயுசு.

47. ஸ்டிராப் நழுவி பேஸ் தரையில் விழாமல் இருக்க, குழாய்ச் சாமான் கடையில் இறுக்கமான ரப்பர் வாஷர் இரண்டு வாங்கி ஸ்டிராப் குமிழ்களின் மேல் மாட்டிவிடுங்கள். பேஸை ஒருமுறை எடுத்துப்போய்க் கடையிலேயே பொருத்திப் பார்த்து வாங்கினால் அளவு தப்பாது.

48. கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தால் முழங்கை இடித்துக்கொண்டே இருக்கும். ஸ்டூலோ கட்டில் ஓரமோ நல்லது. உட்கார்ந்தாலும் ஸ்டிராப்பை மாட்டியே வாசியுங்கள், எழுந்து நிற்கும்போது பேஸ் அதே உயரத்தில் இருந்தால் கை மறுபடி தேட வேண்டியிராது.

49. பிள்ளை பேஸ் கேட்கிறது, ஆசை நிலைக்குமா என்று தெரியவில்லை என்றால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ சாதாரண கிதார் இருக்கும். அதன் தடித்த நாலு கம்பியும் பேஸின் இ, ஏ, டி, ஜி தான், ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். மூன்று மாதம் அதிலேயே பழகட்டும். பிறகும் ஆசை இருந்தால் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸ் சின்னக் கைக்கு இதமாக இருக்கும்.

50. பழைய பேஸ் வாங்கும்போது 12ஆவது ஃபிரெட்டில் தொட்டு மீட்டும் மணி ஒலியையும், அதே இடத்தில் அழுத்தி மீட்டும் ஒலியையும் டியூனரில் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்ல சேதி. வேறாக இருந்து பிரிட்ஜில் நகர்த்த இடமும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். விலை குறைவு என்பதற்காகக் கழுத்து முறுக்கியதை மட்டும் வாங்கவே கூடாது.

51. மேடைக்குப் போகும் பாட்டு ஒவ்வொன்றையும் இரண்டு ஃபிரெட் மேலேயும் இரண்டு ஃபிரெட் கீழேயும் வாசித்து வைத்துக்கொள்ளுங்கள். தொண்டை கட்டிய பாடகர் கடைசி நிமிஷத்தில் சுருதியை இறக்கச் சொல்வார். திறந்த கம்பியை நம்பி வாசித்தவர் அங்கேதான் திண்டாடுவார். எல்லா ஸ்வரத்தையும் அழுத்தியே வாசித்துப் பழகியவர் கையை நகர்த்திவிட்டுச் சிரிப்பார்.

52. ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன் இடது கையிலேயே பேஸும் போட்டுப் பழகி இருப்பார். ஒத்திகையிலேயே அவரிடம் பேசி, எந்தெந்தப் பாட்டில் இடது கையை எடுத்துக்கொள்வார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இருவரும் சேர்ந்து அடித்தால் பந்தல் முழுக்க ஒரே குழகுழப்பு.

53. பண்டிகை நாளில் பேஸ் பையில் கட்டாயம் இருக்க வேண்டியவை: மாற்றுக் கேபிள், ஒரு 9 வோல்ட் பேட்டரி, துடைக்கும் துணி, சின்ன டார்ச். கேபிளை முழங்கையில் இறுக்கிச் சுற்றினால் உள்கம்பி ஒடியும். பெரிய வட்டமாக, ஒரு சுற்று மேலே ஒரு சுற்று கீழே என்று சுற்றி, நைந்த ஜடை ரிப்பனால் கட்டிவையுங்கள்.